பத்து மீற்றர் தண்ணீரும் ஒரு டர்போ என்ஜினும்

(முள்ளியவளையில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நான் பேச வந்திருப்பது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பொருளைப் பற்றி. பெரும்பாலும் மூன்று வயர், ஒரு சிறு துளை, அவ்வளவுதான். கராஜில் அதை மெப் சென்சர் என்கிறோம். என்ஜினுக்குள் போகும் காற்றின் அமுக்கத்தை அளக்கும் உணரி அது. டர்போ பூட்டிய என்ஜினுக்கு அதை எப்படித் தெரிவு செய்வது? அது சொல்லும் எண் உண்மையா என்று எப்படி அறிவது? கொழும்புக்கு அனுப்பாமல், முள்ளியவளையில் இருந்துகொண்டே எப்படி அறிவது? இந்த மூன்று கேள்விகளுக்கும் இன்று விடை தேடுவோம்.

ஏன் இந்தப் பேச்சு இப்போது? 2020 மார்ச்சில் இந்த நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் புது வாகனம் இல்லை. இருந்ததைத்தான் ஓட்டினோம். 2,982 கன சென்ரிமீற்றர் டீசல் என்ஜின் பூட்டிய கே.டி.எச். வான்கள், ஹைலக்ஸ் கப்கள், 658 கன சென்ரிமீற்றர் என்ஜினோடு டர்போ பூட்டிய சுசுக்கி எவ்ரி வான்கள், தடைக்குச் சற்று முன் வந்த ரெய்ஸ் கார்கள் எல்லாமே டர்போ வாகனங்கள். வயது ஏற ஏற உதிரிப்பாகம் தேவைப்பட்டது. புதியது கிடைக்காதபோது பாவித்ததை வாங்கினோம். ஒரு வாகனத்தில் கழற்றிய சென்சரை இன்னொன்றில் பூட்டினோம். பிளக் பொருந்துகிறது, ஆணித் துளை பொருந்துகிறது, ஆகவே சென்சரும் பொருந்தும் என்று எண்ணினோம். பொருந்துமா?

அதற்கு விடை சொல்லுமுன், நம்முடைய மெக்கானிக்குகளைப் பற்றி ஒரு சொல். 1990க்குப் பின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் சொட்டுக் கணக்கில் கிடைத்தது. அப்போது வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் மோட்டார் சைக்கிள்களும் பழைய கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, என்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். எந்த நூலும் அவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுக்கவில்லை. கார்பரேற்றரைக் கையால் திருகி, காதால் என்ஜினைக் கேட்டு, மூக்கால் புகையை முகர்ந்து சரி செய்தார்கள். அந்தத் திறமைக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் இன்றைய என்ஜினில் திருகுவதற்கு ஆணி இல்லை. காற்று எவ்வளவு வருகிறது என்பதை என்ஜினின் கணினி கேட்டு அறிகிறது. யாரிடம் கேட்கிறது? இந்தச் சென்சரிடம். சென்சர் பொய் சொன்னால் கணினி அந்தப் பொய்யை அப்படியே நம்பும். அதற்குக் காதும் இல்லை, மூக்கும் இல்லை.

சரி, அமுக்கம் என்றால் என்ன? புத்தகத்தைத் திறக்க வேண்டாம். கிணற்றடிக்கு வாருங்கள்.

ஆவணி, புரட்டாதியில் வன்னிக் கிணறுகளில் நீர் இறங்குகிறது. மேலே தரையில் வைத்த மோட்டார் இரைந்துகொண்டே இருக்கும், தண்ணீர் வராது. விவசாயி என்ன செய்வார்? மோட்டாரைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கிப் பலகையில் வைப்பார். உடனே தண்ணீர் வரும். ஏன்? தண்ணீரை மோட்டார் இழுப்பதில்லை. மோட்டார் குழாய்க்குள் இருக்கும் காற்றை அகற்றுகிறது. வெளியே இருக்கும் வளிமண்டலம் நீரின் மேல் அமுக்கி அதைக் குழாய்க்குள் ஏற்றுகிறது. அந்த வளிமண்டலத்தால் ஏற்ற முடிந்த உயரம், குழாய்க்குள் முழு வெற்றிடம் இருந்தாலும், 10.3 மீற்றர்தான். நடைமுறையில் ஏழு மீற்றர் தாண்டினாலே கரைச்சல் தொடங்கிவிடும். 1643இல் இத்தாலியில் டொரிசெல்லி தண்ணீருக்குப் பதில் இரசத்தை வைத்து இதையே காட்டினார். இரசம் 760 மில்லிமீற்றர் ஏறி நின்றது.

ஆகவே நாம் எல்லோரும் பத்து மீற்றர் தண்ணீருக்குச் சமனான ஒரு சுமைக்குக் கீழே வாழ்கிறோம். அதைக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 101 கிலோபஸ்கால். ஒரு மீற்றர் தண்ணீர் 9.8 கிலோபஸ்கால். இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 101, 9.8. இன்றைய பேச்சு முழுவதும் இந்த இரண்டின் மேல்தான் நிற்கிறது.

டர்போ என்ன செய்கிறது? என்ஜினின் புகை வெளியேறும்போது அதன் வேகத்திலும் சூட்டிலும் ஒரு சில்லைச் சுழற்றுகிறது. அதே அச்சில் இருக்கும் மற்றச் சில்லு வெளிக்காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளுகிறது. நிமிடத்துக்கு இலட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் பொறி அது. சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பியூகி 1905இல் காப்புரிமை எடுத்த எண்ணம் இது. டர்போ இல்லாத என்ஜினின் உள்ளெடுப்புக் குழாயில் அமுக்கம் வளிமண்டலத்தைத் தாண்டாது. டர்போ இருந்தால் தாண்டும். ஒரு பார் ஏற்றினால் 101 என்பது 201 ஆகும். ஒரு பார் என்பது 100 கிலோபஸ்கால்; பி.எஸ்.ஐ.யில் 14.5. ஒரு நாட்டு மீற்றர் பாரில் காட்டும், இன்னொரு நாட்டு மீற்றர் பி.எஸ்.ஐ.யில் காட்டும். கணக்கு எழுதுமுன் எல்லாவற்றையும் கிலோபஸ்காலுக்கு மாற்றிவிடுங்கள், பாதிக் குழப்பம் தீரும்.

இங்கே ஒரு முக்கியமான கேள்வி. சென்சர் எதிலிருந்து எண்ணத் தொடங்குகிறது?

ரயருக்குக் காற்றடிக்கும் மீற்றர் வளிமண்டலத்தைச் சுழியம் என்று எடுத்துக்கொண்டு அதற்கு மேல் எண்ணுகிறது. மெப் சென்சர் அப்படி எண்ணுவதில்லை. அதன் உள்ளே ஒரு சிறு வெற்றிட அறை அடைத்து மூடப்பட்டிருக்கிறது. அந்த வெற்றிடத்திலிருந்து அது எண்ணுகிறது. இதுதான் தனியமுக்கம். இந்த வேறுபாட்டால் என்ன நடக்கும்? இங்கிருந்து ஒரு வான் நுவரெலியாவுக்குச் சுற்றுலா போகிறது என்று வையுங்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வளிமண்டல அமுக்கம் ஏறத்தாழ 81 கிலோபஸ்கால். ரயர் மீற்றரைத் திறந்த வெளியில் பிடித்தால் முல்லைத்தீவுக் கடற்கரையிலும் சுழியம் காட்டும், நுவரெலியாவிலும் சுழியம் காட்டும். ஆனால் என்ஜினுக்குக் கிடைக்கும் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. என்ஜினுக்கு எரிபொருளைக் காற்றின் நிறைக்கு ஏற்பத்தான் தர வேண்டும். ஆகவே எரிபொருள் கணக்குக்குத் தனியமுக்க உணரிதான் வேண்டும். டாஷ்போட்டில் அழகுக்குப் பூட்டும் பூஸ்ட் மீற்றருக்கு மற்ற வகை போதும். வாங்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

இரண்டாவது கேள்வி: எவ்வளவு வரை அளக்கும்? சந்தையில் ஒரு பார் சென்சர், இரண்டு பார், இரண்டரை பார், மூன்று பார் என்று இருக்கின்றன. டர்போ இல்லாத காருக்கு உரிய சென்சர் 115 கிலோபஸ்காலோடு நின்றுவிடும். அதைக் கொண்டுபோய் டர்போ என்ஜினில் பூட்டினால்? உள்ளே 180 இருக்கும்போதும் கணினி 115 என்றே நினைக்கும். தேவையான பெற்றோலில் மூன்றில் இரண்டு பங்குகூடப் போகாது.

அவ்வளவு பெரிய பிழையை என்ஜின் உடனே சத்தமாகச் சொல்லிவிடும். எனக்குப் பயம் தருவது சிறிய பிழைதான். 200 இருக்கும் இடத்தில் 180 என்று ஒரு சென்சர் சொல்கிறது. பத்து வீதம். பெற்றோல் டர்போ முழுச் சுமையில் ஓடும்போது பன்னிரண்டு பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெற்றோல் என்று வைத்தால், இந்தப் பிழையால் அது 13.3க்கு ஒன்றாகிவிடும். வண்டி ஓடும். நன்றாக இழுப்பதுபோலவும் தெரியும். உள்ளே சூடு ஏறும், கலவை நேரம் தவறி வெடிக்கும், பிஸ்டன் தலை தட்டுப்படும். ஒரு நாள் மாங்குளம் வீதியில் சுமையோடு ஓடும்போது பிஸ்டன் உருகிய பிறகு, எண்ணெயைக் குறை சொல்வோம், பெற்றோலைக் குறை சொல்வோம். சென்சரை யார் நினைப்பார்? டீசலில் கதை வேறு. சென்சர் குறைத்துச் சொன்னால் கணினி டீசலைக் குறைக்கும், வான் இழுக்காது. கூட்டிச் சொன்னால் டீசல் கூடும், பின்னால் கரும்புகை எழும்.

அப்படியானால் பெரிய சென்சரைப் பூட்டிவிட்டால் பயமில்லையா? பத்துப் பார் சென்சர் ஒன்றைப் பூட்டலாமே? கூடாது. கணினி ஐந்து வோல்ற்றை 1,024 படிகளாகப் பிரித்து வாசிக்கிறது என்று எடுப்போம். இரண்டரைப் பார் சென்சரில் ஒரு படி ஏறத்தாழ 0.25 கிலோபஸ்கால். பத்துப் பார் சென்சரில் ஒரு படி 1.2 கிலோபஸ்கால். பெற்றோல் என்ஜின் ஐட்லிங்கில் நிற்கும்போது உள்ளே 30, 40 கிலோபஸ்கால்தான் இருக்கும். அங்கே இவ்வளவு பெரிய படி வைத்தால் என்ஜின் ஒரே சீராக நிற்காது. உங்கள் உச்ச அமுக்கத்தைத் தனியமுக்கத்தில் எழுதுங்கள். டர்போ ஒரு கணம் மிஞ்சி ஏற்றுவதற்கு ஒரு பத்து, பதினைந்து வீதம் கூட்டுங்கள். அதற்கு அடுத்து வரும் சென்சரை எடுங்கள். ஒரு பார் பூஸ்டுக்கு 201. இரண்டு பார் சென்சர் விளிம்பில் நிற்கிறது, அதை விடுங்கள். இரண்டரைப் பார் சரி.

இனிச் சென்சரின் உள்ளே பார்ப்போம். 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் சார்ள்ஸ் ஸ்மித் என்பவர், சிலிக்கனை இழுத்தால் அதன் மின்தடை பெரிய அளவில் மாறுகிறது என்று காட்டினார். மெல்லிய சிலிக்கன் தகடு. ஒரு பக்கம் வெற்றிடம், மறுபக்கம் என்ஜின் காற்று. தகடு வளைகிறது, தடை மாறுகிறது, வோல்ற்றளவு மாறுகிறது. பிள்ளைகளே, உயர்தரப் பௌதிகவியலில் வீற்ஸ்ரன் பாலம் படிக்கிறீர்களே, பரீட்சைக்கு மட்டும் என்று நினைத்தீர்களா? அந்தப் பாலம் பெரும்பாலான மெப் சென்சர்களுக்குள் இருக்கிறது.

ஓர் உண்மையான சென்சரை எடுத்துக்கொள்வோம். எம்.பி.எக்ஸ். 4250 ஏ. மோட்டொரோலா செய்தது, பிறகு ஃபிரீஸ்கேல் பெயரிலும் என்.எக்ஸ்.பி. பெயரிலும் வந்தது. 20 முதல் 250 கிலோபஸ்கால் வரை அளக்கும். அதன் சூத்திரம் எளிது. அமுக்கத்தை 0.004ஆல் பெருக்கு, 0.04ஐக் கழி, வந்ததை வழங்கும் வோல்ற்றளவால் பெருக்கு. ஐந்து வோல்ற் கொடுத்தால் 101 கிலோபஸ்காலுக்கு 1.82 வோல்ற் வரும். ஒவ்வொரு கிலோபஸ்காலுக்கும் 0.02 வோல்ற்.

வழங்கும் வோல்ற்றளவால் பெருக்கு என்றேன், கவனித்தீர்களா? ஐந்துக்குப் பதில் 4.8 வோல்ற் போனால் அதே 101இல் 1.75தான் வரும். மல்ரிமீற்றரில் வெளியீட்டை மட்டும் பார்த்தால் மூன்றரைக் கிலோபஸ்கால் பிழை என்று சொல்லி நல்ல சென்சரைக் குப்பையில் போடுவீர்கள். ஆகவே எப்போதும் வழங்கும் வோல்ற்றளவு, வெளியீடு இரண்டையும் அளவிடுங்கள். எர்த் வயரையும் பாருங்கள். சென்சரின் எர்த் கணினியின் சென்சர் எர்த்துக்கே போக வேண்டும். வசதிக்காக வண்டியின் பொடியில் ஓர் ஆணியில் முறுக்கினால் அங்கே 0.1 வோல்ற் விழுந்தாலே ஐந்து கிலோபஸ்கால் போய்விடும். ஒரு துருப்பிடித்த ஆணி ஐந்து கிலோபஸ்கால்!

இப்போது சோதனைக்கு வருவோம். கடைத் தராசுக்கு அளவீட்டு அலகுகள் திணைக்களத்தார் முத்திரை குத்துகிறார்கள். ஒரு கிலோ சீனியை அளக்கும் தராசுக்கு முத்திரை கேட்கும் நாம், இலட்சக்கணக்கான ரூபா என்ஜினை நம்பி ஒப்படைக்கும் சென்சருக்கு என்ன கேட்கிறோம்?

முதற் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். சாவியை ஒன் செய்யுங்கள், என்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஸ்கேனரில் அமுக்கத்தைப் பாருங்கள். உள்ளே இருப்பது வளிமண்டலம்தான், ஆகவே 101க்கு அருகே காட்ட வேண்டும். இங்கே நமக்கு ஒரு வசதி உண்டு. முள்ளியவளை கடல்மட்டத்துக்கு மிக அருகில் இருக்கிறது. வளிமண்டலவியல் திணைக்களம் தரும் கடல்மட்ட அமுக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வவுனியாக்காரர் ஏறத்தாழ நூறு மீற்றர் உயரத்தில் இருக்கிறார்கள், அவர்கள் ஒரு கிலோபஸ்காலுக்குச் சற்று மேல் கழிக்க வேண்டும். நம் பகுதியில் அமுக்கம் ஒரு நாளில் இரு முறை ஏறி இறங்கும். காலை பத்து மணிவாக்கில் உச்சம், பின்னேரம் நான்கு மணிவாக்கில் இறக்கம். அந்த வேறுபாடு ஒரு கிலோபஸ்காலில் மூன்றில் ஒன்று அளவுதான், கராஜ் வேலைக்குப் பொருட்டில்லை. ஆனால் இங்கே நிற்கும் வான் 90 என்று காட்டினால்? அந்தக் கணினி தான் ஆயிரம் மீற்றர் மலையில் நிற்பதாக நம்புகிறது என்று பொருள். பிளக் பொருந்திய வேறு சென்சரை யாரோ பூட்டியிருக்கிறார்கள், அல்லது வயர் பழுது.

முதற் சோதனையில் தேறிய சென்சர் நல்ல சென்சரா? இன்னும் சொல்ல முடியாது. ஓர் இடத்தில் சரியாகச் சொல்லி, ஏற ஏறப் பிழைக்கும் சென்சர்கள் உண்டு. ஏற்றித்தான் பார்க்க வேண்டும். எதைக் கொண்டு ஏற்றுவது? ரயர் மீற்றரைக் கொண்டா? அந்த மீற்றரை யார் சோதித்தார்கள்? பொய் சொல்லாத ஒன்று வேண்டும். அது நம் கிணற்றில் இருக்கிறது.

மேசன்மார் மட்டம் பிடிக்கும் தெளிந்த குழாயைப் பத்து, பன்னிரண்டு மீற்றர் வாங்குங்கள். தடித்த சுவருள்ளதாக வாங்குங்கள். ஒரு முனையில் சென்சரை இறுக்கிப் பூட்டுங்கள். அந்தப் பக்கத்தில் மூன்று மீற்றர் குழாயைக் காற்றாகவே விட்டு, கீழே ஒரு வளைவு வைத்து, மற்ற முனையை மாடிக்கு ஏற்றுங்கள். மேலிருந்து மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். குமிழி இருந்தால் தட்டி வெளியேற்றுங்கள். குமிழி உள்ள குழாயின் உயரத்தை நம்ப முடியாது. நீல மை சில துளி விட்டால் மட்டம் தெளிவாகத் தெரியும். சென்சர் பக்கத்துக் காற்று அமுங்கும். ஆறு மீற்றருக்கு ஏற்றினால் மூன்று மீற்றர் காற்று இரண்டு மீற்றருக்கும் குறைவாகிவிடும், தண்ணீர் அந்தப் பக்கமும் ஏறும். அதனால்தான் அவ்வளவு காற்றை விடச் சொன்னேன். சென்சருக்குள் தண்ணீர் போகக் கூடாது. அளக்க வேண்டியது குழாயின் நீளத்தை அன்று, இரு பக்க நீர்மட்டங்களுக்கு இடையிலான நிமிர்ந்த உயரத்தை. குழாய் எவ்வளவு வளைந்து நெளிந்து போனாலும் அமுக்கத்துக்கு அந்த உயரம் மட்டும்தான் கணக்கு.

கடல் நீரை எடுக்காதீர்கள். உப்பால் இரண்டு, மூன்று வீதம் கனம் கூடும், உங்கள் அளவும் அவ்வளவு பிழைக்கும். நல்ல தண்ணீர் போதும்.

ஒவ்வொரு மீற்றருக்கும் வோல்ற்றளவை எழுதுங்கள். நாம் பார்த்த சென்சரில் மீற்றருக்கு 0.196 வோல்ற் ஏற வேண்டும். ஆறு மீற்றரில் 101உம் 58.8உம் சேர்ந்து ஏறத்தாழ 160 கிலோபஸ்கால், அதற்கு மூன்று வோல்ற். ஏற்றும்போது எழுதியது போதாது, இறக்கும்போதும் எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். வரைபுத் தாளில் புள்ளி வைத்துக் கோடு போடுங்கள். கோடு முழுவதும் ஒரே அளவு மேலே அல்லது கீழே நகர்ந்திருந்தால் தொடக்கப் புள்ளி பிழை, கணினியில் ஓர் எண்ணைத் திருத்தி அமைக்கக்கூடியவர்கள் அமைக்கலாம். சாய்வு மாறியிருந்தால் அது வேறு வகைச் சென்சர். கோடு வளைந்தோ குதித்தோ போனால் சென்சர் முடிந்துவிட்டது, எறியுங்கள். இந்தச் சென்சருக்குச் செய்தவர்களே 0 முதல் 85 பாகை செல்சியஸ் வரை ஒன்றரை வீதப் பிழையை அனுமதிக்கிறார்கள், ஏறத்தாழ மூன்றரைக் கிலோபஸ்கால். அதற்குள் இருந்தால் நல்ல சென்சர். ஆனால் வெளியில் குளிராக இருக்கும்போது சரியாகச் சொல்வது பொனற்றுக்குள் கொதிக்கும்போது மாறலாம். ஆகவே சென்சரைப் பொலித்தீன் பைக்குள் வைத்து, வெந்நீரில் சூடாக்கி ஒருமுறை திரும்பப் பாருங்கள்.

வளிமண்டலத்துக்குக் கீழேயும் பார்க்கலாம். சென்சரை மாடியில் வைத்து, நீர் நிறைந்த குழாயைக் கீழே வாளிக்குள் தொங்க விடுங்கள். ஐந்து மீற்றர் தண்ணீர் தொங்கினால் மேலே 49 கிலோபஸ்கால் குறையும், 52 மிஞ்சும். சென்சர் 0.84 வோல்ற் காட்ட வேண்டும். கிணற்று மோட்டாரின் அதே பாடம்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். டீசல் கொமன் ரெயில் குழாயில் இன்னொரு அமுக்க உணரி இருக்கிறது. அங்கே அமுக்கம் ஆயிரம் பாருக்கும் மேல் ஏறும். கசிந்தால் பீறிடும் தாரை தோலைத் துளைத்து உள்ளே போகும். தண்ணீர்க் குழாய் வித்தை எதுவும் அங்கே இல்லை. என்ஜின் ஓடும்போது அந்த நட்டைத் தளர்த்தாதீர்கள், கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள்.

சோதித்த சென்சரைப் பூட்டும் இடமும் முக்கியம். குழாய் வழியாக இணைத்தால் சென்சர் மேலே, துளை கீழ் நோக்கி இருக்கட்டும். ஈரமும் எண்ணெயும் வடிந்து போகும். குழாயை நீளமாக விடாதீர்கள், அமுக்கம் தாமதித்து வந்து சேரும். பழைய கே.டி.எச். வான்களில் புகையும் எண்ணெயும் சேர்ந்து துளையைக் கறுப்பாக அடைத்துவிடும். கம்பியால் குத்தாதீர்கள், தகடு உடைந்துவிடும். கழற்றி, உரிய திரவத்தைத் தெளித்து, தானாக வடிய விடுங்கள். பல சமயம் பழுது அவ்வளவோடு முடிந்துவிடும், சென்சர் வாங்கும் காசும் மிஞ்சும்.

இந்தச் சோதனைகளை ஊரில் யார் செய்வது? கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது. அங்கேயே 2016 முதல் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் வாகனத் தொழில் படிப்பிக்கிறது. அங்கிருந்து வெளிவரும் பிள்ளைகள் இந்த ஊர்க் கராஜ்களுக்கு வர வேண்டும். வருமுன் நாமே தொடங்கலாம். ஊருக்கு ஒரு குழாய், ஒரு மல்ரிமீற்றர், ஒரு கொப்பி. எந்தச் சென்சர், எந்த வானில் கழற்றியது, எந்த உயரத்தில் எத்தனை வோல்ற் என்று அந்தக் கொப்பியில் எழுதி வையுங்கள். பாவித்த சென்சரை விற்பவர் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துச் சென்சரோடு கொடுக்கட்டும். வாங்குபவர் அதைக் கேட்டு வாங்கட்டும்.

மண்டபத்தின் பின்புறம் மாடிப் படியில் குழாயைக் கட்டி, தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறோம். மல்ரிமீற்றர் இரண்டு இருக்கின்றன. வீட்டிலிருந்து சென்சர் கொண்டு வந்தவர்கள் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மேலே நின்று ஊற்ற வேண்டும், ஒருவர் உயரம் அளக்க வேண்டும், ஒருவர் எழுத வேண்டும். முதலில் யார் வருகிறீர்கள்?